நடக்காத சண்டைகளின் ரசிகன்

“…அடி விழும் எண்டு பயமில்லை. ஆர் ஆற்ற படியில முதல்ல ஏறுறது, அதுதான் பயம். உங்களைப் போலத்தான் அவையும்.”

என் மனைவி கேற்றடியில் இருந்தே பேசிக்கொண்டு வந்தாள். பேச்சின் முன்பாதி தெருவோடு போய்விட்டது. எனக்குக் கிடைத்தது இந்தப் பின்பாதிதான். இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் போனும் கையுமாக இருந்தேன். நாடே காத்திருந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை இந்த முறையும் நடக்கப்போவதில்லை என்று செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

குத்துச்சண்டை என்றால் உயிரை விடுகிறவன், பெரிய சண்டை ஒன்று முறிந்துபோனதற்கு ஏன் சிரித்தான்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அழகான கதை இல்லை. பொறாமைக் கதை. பொறாமைப்பட்டவன் நான்.

நான் பஸ் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. மிச்சத்தை மனிதர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். யாராவது நல்லதாக ஒரு வசனம் சொன்னால் டியூட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். லண்டனுக்கு வந்த புதிதில் டிப்போ கன்ரீனில் எனக்குக் கிடைத்த சிநேகிதர் ஒரு ஜமேக்காக்காரர், என் வயதுதான். அவர் பேச்செல்லாம் குத்துச்சண்டை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அவரிடமிருந்து வந்தது. அதனால் கவுன்சிலில் ஒரு படிவம் நிரப்ப இன்றைக்கும் தடுமாறுவேன், ஆனால் ஒரு சண்டை ஒப்பந்தத்தில் எந்த வரி யாருக்கு ஆபத்து என்று நித்திரையிலும் சொல்வேன். பெரிய சண்டைகள் ஏன் நடப்பதில்லை என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பாஷையில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “ரெண்டு பேரும் சம்மதம் எண்டு சொன்ன அண்டைக்குத்தான் பேச்சு முறியத் தொடங்குது.”

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆட்களிடம் நான் பெரிய மனிதனானேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக, காசு கட்டிப் பார்க்க வேண்டிய பெரிய சண்டை ஏதாவது வந்தால் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மளிகைக்கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர்தான் முதலில் வந்து கடைசியில் போகிறவர். அவரைக் கடைக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். மனைவி மட்டன் ரோல்ஸ் சுற்றித் தருவாள். நான் விளக்கம் சொல்வேன். யார் ஏன் பின்வாங்குகிறான், யாருக்கு மூச்சு வாங்குகிறது, நடுவர் ஏன் பிரித்துவிட்டார், எல்லாம் நான்தான்.

சண்டையை விட, நடக்காத சண்டையைப் பற்றிச் சொல்வதில்தான் என் பெயர் பெரிது. உலகச் சம்பியன் பட்டம் ஒன்றில்லை, நான்கு சங்கங்கள் நான்கு பெல்ட் கொடுக்கின்றன என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் கேட்டேன்: “இந்த முறை வருசப் பிறப்பு எத்தினை மணிக்கு?”

“எந்தக் கோயிலில?” என்றார் ஒருவர்.

“அதுதான் விசயம். ஒரு கோயில் வாக்கியப் பஞ்சாங்கம், மற்றக் கோயில் திருக்கணிதம். ஒரே சூரியன்தான், ரெண்டு நேரம். இஞ்ச நாலு பஞ்சாங்கம். ஒரு பெல்ட்காரன் சொல்லுவான், நீ முதல்ல எங்கட வரிசையில நிக்கிறவனோட அடிபடோணும் எண்டு. மற்றவன் சொல்லுவான், இல்லை எங்கட ஆளோட எண்டு. சம்பியன் நல்ல நாள் பாத்து முடியிறதுக்குள்ள கிழவனாப் போயிடுவான்.”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கடைக்காரர் அன்றைக்குச் சொன்னார், “அண்ணை, சண்டையை நிப்பாட்டிப்போட்டு உங்களை ரீவியில போட்டாலும் பாப்பம்.” அந்த வசனத்தை நான் டியூட்டித் தாளில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஏழு பேர் வந்து இருக்கிற ஒரு முன்னறை. உலகத்தில் எனக்கு இருந்த ஒரே பெல்ட் அதுதான். பஸ்ஸில் என்னை ஒருவரும் அண்ணை என்று கூப்பிடுவதில்லை. மணியை அடித்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

பிறகு பிரான்ஸ்காரர் வந்தார்.

பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கே வந்து, எங்களுக்குப் பக்கத்தில் சட்டனில் வீடு வாங்கியவர். வீடுகளுக்குத் தரை போடும் வேலை, தானே ஆள் வைத்துச் செய்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளமை. கடைக்காரர்தான் ஒரு சண்டைக்கு அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார், என் மனைவியிடம் சுகம் விசாரித்தார், கதிரை வேண்டாம் என்று நிலத்திலேயே இருந்தார். எனக்கு நல்லாப் பிடித்துக்கொண்டது. நாலாவது ரவுண்ட் வரைக்கும்.

நாலாவது ரவுண்டில் ஒருவன் விழுந்தான். “லெஃப்ற் ஹூக். பக்கத்தால வந்ததே தெரியேல்ல அவனுக்கு” என்றேன் நான்.

பிரான்ஸ்காரர் மெதுவாக, “இல்லை அண்ணை, அது ஜாப் தான், நேராக் குத்தினது. இவர் கால் ரெண்டையும் ஒரு கோட்டில வச்சிட்டார், அதுதான் விழுந்தவர்” என்றார்.

“எப்பிடி?” என்றார் கடைக்காரர்.

அவர் எழும்பி நின்றார். எங்கள் முன்னறைக் கம்பளத்தில் கால் இரண்டையும் மாற்றி வைத்துக் காட்டினார். “இஞ்ச பாருங்கோ, இப்ப என்னைத் தள்ளுங்கோ.” கடைக்காரர் ஒரு விரலால் தள்ளினார். மனிதர் தடுமாறினார். அதற்குள் தொலைக்காட்சியில் திருப்பிப் போட்டார்கள். ஜாப்தான். கால்தான்.

“நீங்கள் அடிபட்டனீங்களோ?” என்று ஒருவர் கேட்டார்.

“பாரிஸில ரெண்டு வருசம் ஜிம்முக்குப் போனனான். பெரிசா ஒண்டுமில்லை. மூக்குத்தான் போச்சு.” சொல்லிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி மூக்கைக் காட்டினார். நடுவில் சின்ன வளைவு. ஏழு பேரும் முன்னுக்குக் குனிந்து அந்த மூக்கைப் பார்த்தார்கள். சண்டை ஐந்தாவது ரவுண்டுக்குப் போய்விட்டது, ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. என் மூக்கு நேரான மூக்கு. என் வாழ்க்கையில் முதன்முறையாக அதற்காக வெட்கப்பட்டேன்.

அவர்கள் போன பிறகு மனைவியிடம் சொன்னேன், “ஆள் கொஞ்சம் எடுப்பு, பெருமைக்காரன்.”

“எடுப்போ? கோப்பையைக் கழுவி வச்சிட்டெல்லோ போறார்?” என்றாள்.

அதுவும் பிடிக்கவில்லை எனக்கு. பத்து வருடத்தில் நான் கழுவாத கோப்பை.

அடுத்த வருடம் அவர் சட்டன் வீட்டின் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் எடுத்தார். கடைக்காரர் வந்து வர்ணித்தார்: எங்கள் முன்னறை மாதிரி மூன்று அறை அதற்குள் போகும், வளைந்த தோல் சோபா, சுவரை மூடின ரீவி, தரை அவரே போட்ட மரத்தரை. “காலை வச்சாச் சத்தமே இல்லை அண்ணை.” நான் “குளிருக்குக் கூடாது, மரத்தரை” என்றேன்.

அந்தப் புது அறைக்குப் பால் காய்ச்ச நாள் வைத்தார். இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு முறையைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒரு நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, “கட்டாயம் வரோணும்” என்று வாயால் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதி அழைப்பு. வாட்சப்பில் சொன்னால் அழைப்பே இல்லை. கடிதப் பெட்டியில் அட்டையைப் போட்டுவிட்டுப் போனால் அவமரியாதை. கூடப்பிறந்த சகோதரர்கள் இதற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். “முறையாச் சொல்லேல்ல.” இந்த ஒரு சொல் போதும், அதற்கு மேல் ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் ஷிப்ட் இல்லாமல் வீட்டில் பழைய சண்டை ஒன்றைச் சத்தமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. எங்கள் மணியில் கமரா உண்டு, போனில் தெரியும். பார்த்தேன். பிரான்ஸ்காரர். இஸ்திரி போட்ட சேட். பக்கத்தில் அவர் மனைவி, பட்டுச்சேலை, கையில் இனிப்புப் பெட்டி. அழைக்க வந்திருக்கிறார்கள். முறையாக.

நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினேன். பிறகு ஜன்னல் திரையின் ஊடாக ஆள் தெரியும் என்று பயந்து, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தினேன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உடம்பு எனக்கு. முழங்கால் நாடியில் முட்டியது. மூன்று முறை மணி அடித்தார்கள். பிறகு அவர் கமராவைப் பார்த்து, “அண்ணை, நாங்கள் வந்திட்டுப் போறம்” என்றார். அட்டையைக் கடிதப் பெட்டியில் போடவில்லை. முறை தெரிந்த மனிதர்.

ஏன் ஒளித்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். அவர் வந்து அழைத்துவிட்டால் நான் போக வேண்டும். போனால் அந்த அறையைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் “நல்லாயிருக்கு” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஏலாது. அதற்காக, பஸ் ஓட்டித் தேய்ந்த முழங்கால் வலியோடு சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஒரு சம்பியன் எதிராளிக்குப் பயந்து ஒளிக்கிறான் என்று எத்தனை முறை அந்தச் சோபாவில் இருந்துகொண்டே சத்தம் போட்டிருப்பேன்!

கமராப் பதிவை அழித்தேன். இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக வாட்சப்பில் பால் காய்ச்சும் நாளை அனுப்பினார். நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். “வாட்சப்பில சொன்னா அது அழைப்போ?” என்று கடையில் நின்று சொன்னேன். மனைவியிடமும் சொன்னேன். அவளுக்குப் போக ஆசை. கோயிலில் பிரான்ஸ்காரரின் மனைவியும் அவளும் பழகத் தொடங்கியிருந்தார்கள். என் மரியாதைக்காக அவள் போகவில்லை. நான் இப்படிச் சொல்லித் திரிந்ததற்குப் பிரான்ஸ்காரர் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடைக்காரர் என்னிடம் அடுத்த நிமிடமே கொண்டுவந்திருப்பார்.

அதற்குப் பிறகு வந்த சண்டை அங்கே. அடுத்ததும் அங்கே. அவர்கள் அனுப்பிய படங்களை நான் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டில் என்ன இருக்கிறது, யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், எல்லாம் பார்த்தேன். கடைக்காரர் பிரான்ஸ்காரரின் தோளில் கை போட்டிருந்தார். என் தோளில் அவர் கை போட்டதே இல்லை. எங்கள் வீட்டில் வாயை மூடிச் சிரித்தவர்கள் அங்கே வாயைத் திறந்து சிரித்தார்கள். அது கமராவின் கோணமாகக்கூட இருக்கலாம். ஆனால் பொறாமைக்காரனுக்கு அந்த நியாயம் ஏறாது.

இந்த நேரத்தில்தான் பெரிய சண்டையின் பேச்சு கிளம்பியது. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு ஹெவிவெயிட்காரர். பெயர் வேண்டாம், யாரென்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்தக் கதை எல்லா இரண்டு பேருக்கும் பொருந்தும். இந்தமுறை நடக்கும், கையெழுத்துக்குத் தயார் என்று வானொலி, கன்ரீன், முடிவெட்டும் கடை எங்கும் அதே கதை. எங்கள் ஆட்களிடம் ஒரே கேள்வி: எந்த வீட்டில்?

கடைக்காரருக்கு இரண்டு பேரும் வேண்டும். என்னை விடவும் மனமில்லை, அந்தச் சோபாவை விடவும் மனமில்லை. இரண்டு பக்கமும் பேசிச் சண்டையை ஒழுங்குசெய்கிற புரமோட்டர் வேலையை எங்களுக்கு அவரே செய்தார்.

“அண்ணை, அவர் சொல்றார், சண்டை அவற்ற வீட்டில, விளக்கம் உங்கட.”

“விளக்கம் சொல்ல நான் எங்க இருக்கிறது?”

“சோபாவிலதான்.”

“நடுவிலயோ ஓரத்திலயோ?”

“நான் இஞ்ச கறிவேப்பிலை கட்டிக்கொண்டு நிக்கிறன். எனக்கெப்பிடித் தெரியும் நடுவோ ஓரமோ எண்டு?”

“கொண்டுபோய் வைக்கிற ஸ்பீக்கரோ நான்? வேண்டிய நேரம் போட்டு, வேண்டாத நேரம் நிப்பாட்ட?”

அவர் வேறு யோசனை கொண்டுவந்தார். “சரி, முதல் சண்டை அங்க. தோத்தவன் திருப்பிக் கேக்கிற ரிமாட்ச் இஞ்ச.”

“ரிமாட்ச் நடக்காட்டி?”

“அப்ப முதல் சண்டை இஞ்ச, ரிமாட்ச் அங்க.” போய்க் கேட்டுவிட்டு அடுத்த நாள் வந்தார். “அவரும் அதைத்தான் கேக்கிறார். ரிமாட்ச் நடக்காட்டி?”

இரண்டு வீடும் வேண்டாம், கடையின் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிற அறை, அதுதான் பொது இடம் என்று வந்தது. அதற்கு இருவரும் ஓம் என்றோம். ஜமேக்காக்காரர் சொன்னது சரி, அன்றைக்குத்தான் முறியத் தொடங்கியது. ரோல்ஸ் யார் வீட்டிலிருந்து? பிரான்ஸ்காரரின் மனைவி பாரிஸில் ஒரு கடைக்கே ரோல்ஸ் சுற்றியவர் என்று கடைக்காரர் வாய் தவறிச் சொன்னார். “அப்ப அவையே சுத்தட்டும், எங்கட ரோல்ஸ் ஆருக்கு வேணும்” என்று நான் போனை வைத்தேன். பிறகு இரண்டு வீட்டு ரோல்ஸும் என்று முடிவானது. பிறகு எது எந்தப் பக்க மேசையில் என்று வந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்ன வசனம் என் தாளில் இருக்கிறது: “அண்ணை, சண்டை நடந்தா ஒரு நாள்தான் சனம் கதைக்கும். நடக்குமோ நடக்காதோ எண்டா வருசம் முழுக்கக் கதைக்கும். எனக்கு இப்பதான் விளங்குது, ஏன் புரமோட்டர்மார் இவ்வளவு பொறுமையா இருக்கினம் எண்டு.”

கடைசியில் எல்லாம் தீர்ந்து ஒன்று மட்டும் நின்றது. இரண்டு குடும்பமும் சேர்ந்து வைக்கிற காரியம், ஆகவே ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய் முறையாகக் கதைத்து ஆரம்பிக்க வேண்டும். யார் முதலில்?

“வயசுக்கு மூத்தவன் நான்” என்றேன். “அவர் வரட்டும்.”

கடைக்காரர் போய்விட்டு வந்தார். “அண்ணை, அவர் சொல்றார், ‘நான் ஒருக்கா வந்தனான், இனி அண்ணை வரட்டும்’ எண்டு. எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்டன். ‘அதை அண்ணையிட்டக் கேளுங்கோ’ எண்டார். என்னண்ணை?”

“எனக்கென்ன தெரியும்” என்றேன். காது சுட்டது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அவருக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவில்லை. இனி இந்தக் காரியம் நடக்க வேண்டுமென்றால் நான் அவர் படியில் ஏறவேண்டும். ஏறினால், ஏன் அன்றைக்குக் கதவு திறக்கவில்லை என்று அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அங்கே இருக்கும். மூன்று வழிதான் மிச்சம். போய் ஒப்புக்கொள்வது, போகாமல் ஏழு பேரையும் அந்தச் சோபாவுக்கு விட்டுக்கொடுப்பது, இல்லையென்றால் சண்டையே நடக்காமல் போவது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் மூன்றாவதற்கு நேர்ந்துகொண்டேன். காலையில் எழும்பியதும் போனில் அதைத்தான் தேடினேன். ஒரு பழைய எதிராளி ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வழக்குக்குப் போகிறான் என்று வந்தால் எனக்கு இட்லி இறங்கும். அது தீர்ந்தது என்று வந்தால் இறங்காது. எந்தச் சேனல் என்பதில் இழுபறி என்றால் பஸ்ஸில் விசில் அடிப்பேன். யாருடைய பெயர் போஸ்டரில் முதலில் என்பதில் பிடிவாதம் என்று படித்தபோது, முன்பென்றால் “பைத்தியக்காரங்கள், அடிச்சு முடிச்சா ஆற்ற பெயர் எண்டு தெரியும்தானே” என்று கத்தியிருப்பேன். இப்போது அந்த மனிதனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. எனக்கு அவனை விளங்கியது. பத்து வருடம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன விளக்கங்கள், பஞ்சாங்கம், காசுப் பங்கு, ரிமாட்ச், சேனல், அவ்வளவும் சரிதான். ஆனால் அவை சோபாவின் முன்பக்கம். பின்பக்கத்தில் குந்தியிருக்கிறவனுக்குத்தான் மற்றது தெரியும். நடந்த சண்டையில் ஒருவன் தோற்றே ஆகவேண்டும். நடக்காத சண்டையில் இரண்டு பேரும் வென்றவர்கள். “அவன் வந்திருந்தா நான் காட்டியிருப்பன்” என்ற ஒரு வசனத்தில் ஒரு மனிதன் சாகும்வரை நன்றாகச் சாப்பிட்டு வாழலாம். அதை யார் சும்மா கொண்டுபோய் வளையத்துக்குள் வைப்பான்?

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, சண்டை இல்லை என்று செய்தி வந்தபோது, லண்டன் முழுக்க ரசிகர்கள் திட்டிக்கொண்டிருந்த நேரம் நான் சிரித்தேன். வாயைத் திறந்து.

மனைவி ஆர்ச்வேக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மோர்டனில் ஏறினால் ஒரே ரெயின், கிட்டத்தட்ட லைனின் மற்றத் தொங்கலுக்கு. முன்னறை வாசலில் கோட்டும் சேலையுமாக நின்றாள்.

“சண்டை நிண்டு போச்சு” என்று போனைக் காட்டினேன்.

“ஓம். ரெயினில ரெண்டு பெடியள் கதைச்சவங்கள். பயந்து போனாங்கள் எண்டு ஒருத்தன் சொன்னவன். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு வந்தனான், உங்களுக்குக் கேக்கேல்ல. ஏன் சிரிக்கிறியள்?”

“சிரிக்கேல்லையே.”

“அவ இண்டைக்கு எனக்குப் பக்கத்தில நிண்டவ, பூசையில.” யார் என்று நான் கேட்கவில்லை. “‘அக்கா, அண்ணைக்கு எங்களில என்ன கோவம்’ எண்டு கேட்டவ. என்ன பிள்ளை, நீங்கள்தானே முறையாச் சொல்லேல்ல எண்டன். பேந்து சொன்னவ. ரெண்டு பேரும் வந்தனாங்கள் அக்கா, உங்கட கார் வாசலில நிண்டது, ரீவிச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது, மணியை அடிச்ச உடன சத்தம் நிண்டு போச்சு எண்டு.”

அந்தச் சத்தத்தை நிறுத்தியது நான் செய்த பிழை. ஓடவிட்டிருந்தால், யாரோ ரீவியைப் போட்டுவிட்டு மேலே படுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

“எங்க இருந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“சோபாவுக்குப் பின்னால.”

அவள் போய்ச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “உதுக்குள்ளயோ?”

நான் தலையாட்டினேன். அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அவை ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு மரியாதை குறையும் எண்டு. அவர்தான் சொல்ல வேண்டாம் எண்டவராம்.”

பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். பெரிய அறை அவருக்கு. பெரிய திரை அவருக்கு. வளைந்த மூக்கு அவருக்கு. கடைக்காரரின் கை அவர் தோளில். இப்போது பெருந்தன்மையும் அவர் வீட்டிலேயே போய் இருந்துவிட்டது. எனக்கென்று அவர் எதையாவது விட்டுவைத்தாரா?

“இனி என்னத்துக்குக் கதைச்சு” என்றேன். “சண்டைதான் இல்லையே. போறதுக்கு இனி ஒரு காரணமும் இல்லை.”

“சண்டை இல்லாத நேரத்திலதான் போகோணும். இருக்கேக்கை போனா ரீவிக்கு வந்தவர் எண்டு நினைப்பினம்.”

“போய் என்னத்துக்கு எண்டு அழைக்கிறது? ஒரு காரியமும் இல்லாமல்?”

“சோத்துக்கு.”

“அப்ப நீர் போய்ச் சொல்லிப்போட்டு வாருமன். அவவும் நீரும் பழக்கம்தானே.”

“நான் தனியப் போய்ச் சொன்னா அது அழைப்போ?” என்றாள். நான் கடையில் நின்று சொன்ன அதே தொனி. அவளுக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை.

நான் கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் ஒரு சொல் சொல்லிவைத்து, அந்தப் பக்கம் எப்படி என்று கேட்டுப் பார்த்து, பிறகு ஒரு நல்ல நாளாகப் பார்த்து, அடுத்த கிழமை என் ஷிப்ட் என்னவென்றும் பார்த்து… பேசிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவள் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக மறுபடி பூட்டினாள். கொழுக்கியில் இருந்த கார்ச் சாவியை எடுத்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாசற்கதவை அகலத் திறந்து விட்டுவிட்டு வெளியே போய், முன்சீட்டில் இடது பக்கம் ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரே தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.